மறுபயன்பாட்டுச் செயலிகளும் முன்னிருப்பு வார்ப்புருக்களும்: ஜாங்கோவை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு வலைச் சட்டகம் ஆகும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் நகரின் செய்தித்தாள் நிறுவனத்தில் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு இதை உருவாக்கத் தொடங்கினர். 2005 சூலையில் இது திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. ஒரு தளத்தின் வேலைகளைச் சிறு சிறு செயலிகளாகப் பிரித்து எழுதுவது ஜாங்கோவின் அடிப்படை வழக்கம். இங்கே செயலி என்பது கைபேசியில் நிறுவும் செயலி அன்று. பயனர் பதிவு, கருத்துரை, வாக்கெடுப்பு என ஏதேனும் ஒரு வேலையை மட்டும் செய்யும் பைத்தான் தொகுப்பையே ஜாங்கோவில் செயலி என்கிறார்கள். ஒரு தளத்துக்காக எழுதிய செயலியைக் கழற்றி வேறொரு தளத்தில் மாற்றமின்றிப் பொருத்த முடிந்தால் அது மறுபயன்பாட்டுச் செயலி எனப்படும்.

இத்தகைய செயலியின் பைத்தான் நிரல் எந்தத் தளத்தில் நிறுவினாலும் ஒன்றுபோலவே இயங்கும். பக்கங்களின் தோற்றம் அப்படி அன்று. அது தளத்துக்குத் தளம் மாறும். ஆகவே செயலியை வெளியிடுபவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எச்டிஎம்எல் வார்ப்புருக்களையும் செயலியுடன் சேர்த்துக் கொடுப்பதா, அல்லது நிறுவுகிறவரே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா? இந்தக் கேள்வி ஜாங்கோ நிரலர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. விவாதம் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியே நடக்கிறது என்பதுதான் அதன் குறை. வார்ப்புரு வண்ணத்தையும் அடுக்கையும் மட்டும் தாங்கி நிற்பதில்லை. பின்னால் இயங்கும் நிரலுக்கும் முன்னால் தெரியும் பக்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தமும் அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எழுதிக் கொடுக்காத செயலி பாதிச் செயலி என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதே வேளையில், ஒப்பந்தத்தோடு தன் ரசனையையும் சேர்த்துத் திணிக்கும் செயலி அதைவிட மேலானது என்று சொல்லிவிடவும் முடியாது.

வார்ப்புரு தேடப்படும் முறை

ஒரு வார்ப்புருவின் பெயரைச் சொன்னதும் ஜாங்கோ அதை முதலில் தளத்தின் சொந்த வார்ப்புருக் கோப்புறைகளில் தேடும். அங்கே இல்லையென்றால், நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு செயலியின் 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையிலும் தேடும். முதலில் அகப்படுவதே பயன்படுத்தப்படும். பிறகு உள்ளவை பார்க்கப்படுவதில்லை. ஆகவே செயலி ஒரு முன்னிருப்பு வார்ப்புருவைக் கொண்டிருந்தாலும், தள உரிமையாளர் அதே பெயரில் ஒரு கோப்பை எழுதித் தன் கோப்புறையில் வைத்தால் போதும், செயலியின் கோப்பு ஒதுங்கிக்கொள்ளும். இதையே மேலெழுதுதல் என்கிறோம்.

பெயர் மோதலைத் தவிர்க்க, செயலியின் பெயரிலேயே ஓர் உட்கோப்புறை அமைத்து அதற்குள் வார்ப்புருக்களை வைப்பது வழக்கம். ஜாங்கோவின் அதிகாரப்பூர்வப் பாடத்தில் வரும் 'போல்ஸ்' என்னும் வாக்கெடுப்புச் செயலியும் இப்படித்தான் அமைக்கப்படுகிறது. அதே செயலியை மறுபயன்பாட்டுத் தொகுப்பாக மாற்றக் கற்றுத்தரும் மேல்நிலைப் பாடத்தில் வார்ப்புருக்களும் தொகுப்போடு சேர்த்தே அனுப்பப்படுகின்றன.

இந்தத் தேடல் முறையை வைத்துப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை என்று தோன்றும். வேண்டுபவர் முன்னிருப்பைப் பயன்படுத்தலாம், வேண்டாதவர் மேலெழுதலாம், யாருக்கும் இழப்பில்லை. நடைமுறை இவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

"வேண்டாம்" என்போரின் வாதம்

வார்ப்புருக்களைச் சேர்க்கக் கூடாது என்ற கருத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜேம்ஸ் பென்னட் எழுதிய 'ஜாங்கோ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்னும் பயனர் பதிவுச் செயலி. பென்னட் ஜாங்கோவின் வெளியீட்டு மேலாளராக இருந்தவர். 'பிராக்டிகல் ஜாங்கோ பிராஜெக்ட்ஸ்' என்ற நூலின் ஆசிரியர். 2008இல் நடந்த முதல் ஜாங்கோகான் மாநாட்டில் மறுபயன்பாட்டுச் செயலிகளைப் பற்றி உரையாற்றியவர். அவருடைய செயலி வார்ப்புருக்களைத் தருவதில்லை. என்னென்ன வார்ப்புருக்கள் தேவை, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த மாறிகள் வந்து சேரும் என்பவற்றை ஆவணத்தில் பட்டியலிட்டுவிட்டு, எழுதும் பொறுப்பை நிறுவுபவரிடம் விட்டுவிடுகிறது.

இதன் பின்னால் உள்ள நியாயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும் பதிவுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. எப்படியும் எல்லோரும் மாற்றி எழுதப்போகும் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், பராமரிப்பவருக்கு வேலை கூடும். "பொத்தான் ஏன் வலப்பக்கம் இல்லை" என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவருடைய நேரம் போகும். செயலியின் மையமான வேலையோ கணக்கை உருவாக்குவதும் மின்னஞ்சலைச் சரிபார்ப்பதும்தான்.

ஆனால் அதே செயலி கேட்கும் வார்ப்புருக்களில் மின்னஞ்சலுக்கு உரியவையும் உண்டு. கணக்கைச் செயல்படுத்தும் மடலின் தலைப்பும் உள்ளடக்கமும் நிறுவுபவர் எழுத வேண்டியவை. வெற்று உரையாகச் செல்லும் ஒரு மடலுக்கு வண்ணமும் இல்லை, அடுக்கும் இல்லை. "தோற்றம் தளத்துக்குத் தளம் மாறும்" என்ற வாதம் இங்கே எடுபடாது. சொற்கள் மாறலாம் என்பது உண்மைதான். ஆனால், செயல்படுத்தும் இணைப்பு சரியாக அமைந்த நான்கு வரி மடல் ஒன்றை முன்னிருப்பாகக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

இதைவிடப் பெரிய சிக்கல், வார்ப்புரு எழுதுவது வெறும் அலங்கார வேலை என்ற அனுமானத்தில் இருக்கிறது. ஒரு புகுபதிகைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பயனர் பெயர், கடவுச்சொல், ஒரு பொத்தான் என்று பார்வைக்கு மிக எளிய பக்கம். புதிதாகக் கற்கும் மாணவர் படிவத்தின் இரண்டு புலங்களையும் அவற்றுக்குரிய பிழைச் செய்திகளையும் பக்கத்தில் இட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பார். கடவுச்சொல் தவறாக இருந்தால் ஜாங்கோ அந்தப் பிழையை எந்தப் புலத்தோடும் சேர்ப்பதில்லை. படிவம் முழுமைக்குமான பொதுப் பிழையாகத் தருகிறது. அந்தப் பொதுப் பிழையைக் காட்டும் வரி வார்ப்புருவில் இல்லையென்றால், பயனர் தவறான கடவுச்சொல்லைத் தட்டியதும் அதே பக்கம் எந்தச் செய்தியும் இல்லாமல் மறுபடி வந்து நிற்கும். தளம் கெட்டுவிட்டது என்றுதான் அவர் நினைப்பார்.

அடுத்தது 'நெக்ஸ்ட்' என்னும் மறைபுலம். புகுபதிகை தேவைப்படும் பக்கத்தைத் திறக்க வந்தவரை, புகுபதிந்த பிறகு மீண்டும் அங்கேயே கொண்டுபோய் விடுவதற்கு இது உதவுகிறது. படிவத்தின் இலக்கு முகவரியை வெளிப்படையாக எழுதிவிட்டு இந்த மறைபுலத்தை விட்டுவிட்டால், அவர் வேறெங்கோ போய்ச் சேர்வார். கோப்புப் பதிவேற்றம் உள்ள படிவத்தில் 'மல்டிபார்ட்' வகைக் குறிப்பு இல்லையென்றால் கோப்பு சேவையகத்துக்குப் போகவே போகாது. கோப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கே "இப்புலம் கட்டாயம்" என்ற செய்தி வரும். பல படிவங்கள் அடுக்கப்பட்ட 'பார்ம்செட்' பக்கத்தில் அதன் மேலாண்மைப் படிவத்தை இடாவிட்டால் தரவு ஏற்கப்படாது. இவற்றில் எதுவும் தோற்றம் சார்ந்தது அன்று. செயலியை எழுதியவருக்கு இவை அனைத்தும் தெரியும். நிறுவுபவர் ஒவ்வொன்றையும் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

மாறிகளின் பட்டியலை ஆவணத்தில் கொடுத்துவிட்டோமே என்பது போதுமான பதில் ஆகாது. மாறிகளின் பெயர்களை ஆவணம் சொல்லும். அவை எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை இயங்கும் ஒரு வார்ப்புருதான் காட்டும். மேலும், ஆவணத்தை யாரும் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. வார்ப்புருவை உட்படுத்தலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் தானியங்கிச் சோதனைகள் அதைத் திறந்து பார்க்கும்.

'டெம்ப்ளேட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்ற பிழைப்பக்கம் வந்ததும் ஒரு புதிய மாணவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆவணத்தை முழுதாகப் படிப்பவர் சிலரே. பலர் அந்தக் கோப்பின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் பாடத்தில் உள்ளதை நகலெடுப்பார்கள். அந்தப் பாடம் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. வார்ப்புருவை வேண்டுமென்றே தராத செயலிக்கும் முன்னிருப்பு வார்ப்புரு இருக்கத்தான் செய்கிறது. அது பராமரிப்பவரின் கையில் இல்லாமல் யாரோ ஒருவரின் பழைய பாடத்தில் இருக்கிறது.

ஜாங்கோ காட்டிய குழப்பமான முன்மாதிரி

செயலி எழுதுவோர் வழிகாட்டுதலுக்காகப் பார்ப்பது ஜாங்கோவுடன் வரும் செயலிகளைத்தான். இந்த விஷயத்தில் அவை தெளிவான வழி எதையும் காட்டவில்லை.

பயனர் அடையாளத்தைக் கையாளும் 'ஆத்' செயலியில் புகுபதிகை, கடவுச்சொல் மாற்றம், கடவுச்சொல் மீட்பு ஆகியவற்றுக்கான வியூக்கள் உள்ளன. இவை 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற கோப்புறையில் வார்ப்புருக்களைத் தேடுகின்றன. செயலியின் பெயர் 'ஆத்', கோப்புறையின் பெயர் 'ரெஜிஸ்ட்ரேஷன்'. பெயர் மோதலைத் தவிர்க்கும் வழக்கம் இங்கேயே மீறப்பட்டுவிட்டது. புகுபதிகைக்கான வார்ப்புரு தரப்படவில்லை. கடவுச்சொல் மீட்பு மடலின் தலைப்பு மட்டும் 'ஆத்' செயலியில் இருக்கிறது. அந்த மடலின் உள்ளடக்கம், மீட்புப் படிவம், விடுபதிகைப் பக்கம் முதலியவை 'அட்மின்' என்னும் நிர்வாகச் செயலிக்குள் அதே 'ரெஜிஸ்ட்ரேஷன்' கோப்புறைப் பெயரில் இருக்கின்றன. ஒரே மடலின் தலைப்பு ஒரு செயலியிலும் உடல் இன்னொரு செயலியிலும் கிடப்பதை வடிவமைப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. 'அட்மின்' செயலி நிறுவப்பட்டிருக்கும்போது கடவுச்சொல் மீட்புப் பக்கம் தானாகவே இயங்குவதாகத் தோன்றும். ஆனால் தளத்தின் வாடிக்கையாளர் பார்ப்பது நிர்வாகப் பகுதியின் தலைப்பட்டையுடன் கூடிய பக்கத்தை. அதை மாற்ற விரும்பும் நிரலர் தன் செயலியின் உள்ளே 'ரெஜிஸ்ட்ரேஷன்' கோப்புறையை அமைத்து, புதிய வார்ப்புருவை எழுதி, பக்கத்தைப் புதுப்பிப்பார். பழைய பக்கமே வரும். கோப்பின் பெயரில் பிழை இல்லை, இடமும் சரிதான். பட்டியலில் 'அட்மின்' அவருடைய செயலிக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். புதிய திட்டம் தொடங்கும்போது ஜாங்கோ தானாக எழுதித் தரும் பட்டியலில் 'அட்மின்'தான் முதலில் இருக்கிறது. நாம் எழுதும் செயலிகளைப் பெரும்பாலும் கடைசியில்தான் சேர்க்கிறோம். இரண்டும் சேர்ந்தால் இந்தக் குழி நிச்சயம்.

மறுபுறம், 'அட்மின்' தேவையில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கினால், அதுவரை இயங்கிய கடவுச்சொல் மீட்புப் பக்கம் வார்ப்புரு இல்லாமல் விழுந்துவிடும்.

1.11 பதிப்பில், 2017இல், படிவப் புலங்களும் வார்ப்புருக்கள் மூலம் வரையப்படத் தொடங்கின. அவற்றை மேலெழுத விரும்பித் தளத்தின் கோப்புறையில் அதே பெயரில் கோப்பை வைத்தால், வழக்கமான அமைப்பில் எந்த மாற்றமும் தெரியாது. படிவங்களுக்கெனத் தனியான வார்ப்புரு இயந்திரம் இயங்குவதே காரணம். படிவ வரைவியின் அமைப்பை மாற்றி, 'ஜாங்கோ.பார்ம்ஸ்' என்பதையும் செயலிகளின் பட்டியலில் சேர்த்தால்தான் தளத்தின் கோப்பு கண்டுகொள்ளப்படும். "அதே பெயரில் ஒரு கோப்பை வை" என்று ஒரே விதியாகக் கற்றவருக்கு இது பெரும் குழப்பம்.

சேர்த்துக் கொடுப்போர் செய்யும் தவறுகள்

வார்ப்புருக்களைச் சேர்த்துக் கொடுக்கும் செயலிகளில் பல, கொடுக்க வேண்டியதைவிட அதிகம் கொடுக்கின்றன. எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்த பக்கங்கள் அப்படியே தொகுப்புக்குள் ஏறிவிடுகின்றன. பூட்ஸ்டிராப் 3இன் 'பேனல்' வகுப்புகள் நிறைந்த வார்ப்புருவை பூட்ஸ்டிராப் 4 தளத்தில் பொருத்தினால் பெட்டிகள் காணாமல் போகும். அந்தப் பதிப்பில் 'பேனல்' நீக்கப்பட்டு 'கார்ட்' வந்துவிட்டது. பூட்ஸ்டிராப் 5இல் 'டேட்டா-டாகிள்' போன்ற பண்புகளின் பெயர்களே மாறின. விரியும் பட்டிகள் விரியாமல் நிற்கும். பூட்ஸ்டிராப்பே பயன்படுத்தாத தளத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் நுட்பமான சிக்கல் மரபுரிமையில் இருக்கிறது. செயலியின் வார்ப்புருக்கள் தளத்தின் 'பேஸ்.எச்டிஎம்எல்' கோப்பிலிருந்து நீட்சி பெறும்படி எழுதப்படுவது வழக்கம். அப்போது தளத்தின் தலைப்பட்டையும் அடிக்குறிப்பும் தாமாகவே வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. 'பேஸ்' என்ற பெயரில் கோப்பே இல்லாத தளத்தில் பிழை வரும். பிழை வந்தால் தெரிந்துகொள்ளலாம். கோப்பு இருந்து, அதில் 'கன்டென்ட்' என்னும் பிளாக் இல்லாவிட்டால்தான் ஆபத்து. செயலி 'கன்டென்ட்' என்ற பிளாக்கில் படிவத்தை எழுதியிருக்கும். தளமோ அந்த இடத்துக்கு 'மெயின்' என்றோ 'பாடி' என்றோ பெயர் வைத்திருக்கும். தாய் வார்ப்புருவில் இல்லாத பிளாக்கை ஜாங்கோ சத்தமில்லாமல் விட்டுவிடும். தலைப்பட்டையும் அடிக்குறிப்பும் மட்டும் உள்ள பக்கம், நடுவில் வெறுமை, பதிவேட்டில் ஒரு வரிப் பிழை கிடையாது. இது ஜாங்கோவின் வார்ப்புரு மொழியில் உள்ள குறை என்றே கருத வேண்டும். மேம்பாட்டு நிலையிலாவது ஓர் எச்சரிக்கை காட்டலாம். அது வரும்வரை, செயலிகள் தளத்தின் பெயர்களை ஊகிப்பதைத் தவிர்ப்பதே வழி.

நகலெடுத்த வார்ப்புருவின் கதி

முன்னிருப்பைப் பிடிக்காதவர் என்ன செய்கிறார்? செயலியின் கோப்பு முழுவதையும் தன் தளத்துக்கு நகலெடுத்து, இரண்டு வரிகளை மாற்றுகிறார். மற்ற சட்டகங்களில் இதற்குக் கட்டளைகளே உண்டு. ரூபி ஆன் ரெயில்ஸ் உலகில் 'டிவைஸ்' என்னும் அடையாளச் செயலி, தன் பக்கங்களைத் தளத்துக்குள் நகலெடுத்துத் தரும் கட்டளையை வைத்திருக்கிறது. லாராவெலில் 'வெண்டர்:பப்ளிஷ்' அந்த வேலையைச் செய்கிறது. மேலெழுதுவதற்கு வசதியான வழிதான். நகலெடுத்த கணத்திலிருந்து அந்தக் கோப்புக்கும் மூலத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதுதான் விலை.

ஜாங்கோவின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. 2010இல் வந்த 1.2 பதிப்பு, வேற்றுத்தளக் கோரிக்கை மோசடியைத் தடுக்கும் 'சிஎஸ்ஆர்எப்' அடையாளத்தை ஒவ்வொரு போஸ்ட் படிவத்திலும் வார்ப்புருக் குறிச்சொல்லாக இடும் முறையைக் கொண்டுவந்தது. செயலியின் வார்ப்புருவை அப்படியே பயன்படுத்தியவருக்கு, பராமரிப்பவர் புதிய வெளியீட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் வேலை முடிந்தது. நகலெடுத்து வைத்திருந்தவர் தன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது அண்மைக்காலத்தது. ஒரு சாதாரண இணைப்பைச் சொடுக்கி விடுபதியும் முறை 4.1 பதிப்பில், 2022இல், கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் நீக்கப்பட்டது. இனி விடுபதிகை போஸ்ட் படிவமாகவே வர வேண்டும். 'அட்மின்' செயலி தன் அடிப்படை வார்ப்புருவில் இணைப்பை எடுத்துவிட்டுப் படிவத்தை வைத்துக்கொண்டது. அந்த அடிப்படைக் கோப்பை முழுதாக நகலெடுத்து, நிறுவனத்தின் சின்னத்தை மட்டும் மாற்றி வைத்திருந்த தளங்களில் பழைய இணைப்பு அப்படியே இருந்தது. 5.0க்கு மாறியதும் அதைச் சொடுக்கியவருக்கு 405 என்ற பிழை வந்தது; விடுபதிய முடியவில்லை. பொதுக் கணினியில் அமர்ந்திருப்பவருக்கு விடுபதிய முடியாமல் போவது சின்ன விஷயம் அன்று. சின்னத்தை மாற்ற அந்தக் கோப்பை நகலெடுத்திருக்கவே தேவையில்லை. அதற்கென்றே 'பேஸ்_சைட்' என்ற சிறு கோப்பு 'அட்மின்' செயலியில் இருக்கிறது.

பிஎச்பி உலகிலிருந்து இங்கே ஒரு நல்ல பழக்கத்தைக் கடன் வாங்கலாம். வேர்டுபிரசுக்கான 'ஊகாமர்ஸ்' வணிகச் செருகுநிரல், தன் வார்ப்புருக் கோப்புகளின் தொடக்கக் குறிப்பில் பதிப்பு எண்ணை எழுதி வைக்கிறது. தளத்தின் தோற்றக் கோப்புறையில் உள்ள நகலின் எண் பழையதாக இருந்தால், நிர்வாகப் பகுதியின் நிலை அறிக்கையில் அந்தக் கோப்பு காலாவதியானது எனச் சுட்டப்படுகிறது. ஜாங்கோவில் உள்ளிருந்தே இயங்கும் சரிபார்ப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது; செயலிகள் அதில் தம் சொந்தச் சரிபார்ப்புகளைச் சேர்க்கலாம். மேலெழுதப்பட்ட வார்ப்புருவின் வயதைக் கவனிக்கும் ஒரு சரிபார்ப்பை எழுதுவது பெரிய வேலை அன்று.

ஓரளவு சரியாகச் செய்தவை

மேலே சொன்ன 'பேஸ்_சைட்' உத்தி எளிமையானது. கனமான அமைப்பு முழுவதும் ஒரு கோப்பில் இருக்கும். அதிலிருந்து நீட்சி பெறும் மிகச் சிறிய இன்னொரு கோப்பு, தளம் மேலெழுதுவதற்காகவே காத்திருக்கும். 'ஜாங்கோ ரெஸ்ட் பிரேம்வொர்க்' தன் உலாவிவழி ஏபிஐ பக்கங்களுக்கு இதே வழியைப் பின்பற்றுகிறது: 'ஏபிஐ' என்ற பெயருள்ள வார்ப்புருவை நாம் எழுதி, செயலியின் 'பேஸ்' கோப்பிலிருந்து நீட்டி, வேண்டிய பிளாக்கை மட்டும் மாற்றினால் போதும். 2015இல் வந்த ஜாங்கோ 1.9 இன்னொரு வசதியைத் தந்தது. அதே பெயருள்ள வார்ப்புருவிலிருந்தே நீட்சி பெறலாம். தளத்தின் கோப்பு செயலியின் கோப்பை மறைத்தாலும், அதைத் தாயாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு பிளாக்கை மட்டும் திருத்த முடியும். கோப்பு முழுவதையும் நகலெடுப்பதற்கான காரணங்களில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிட்டது. ஆயினும் பல பாடங்கள் இன்னும் நகலெடுக்கவே கற்றுத்தருகின்றன.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. செயலியின் வார்ப்புருவில் போதுமான பிளாக்குகள் இருக்க வேண்டும்; அவற்றின் பெயர்கள் வெளியீட்டுக்கு வெளியீடு மாறக் கூடாது. ஒரு செயற்கூறின் பெயரை மாற்றினால் வெளியீட்டுக் குறிப்பில் எழுதி எச்சரிக்கும் பராமரிப்பாளர்கள், ஒரு பிளாக்கின் பெயரை முன்னறிவிப்பின்றி மாற்றிவிடுகிறார்கள். பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்கப்போனால் பிளாக் மாற்றமே மோசமானது: செயற்கூறு இல்லாவிட்டால் நிரல் கத்தும், பிளாக் இல்லாவிட்டால் முன்பு சொன்னதுபோல எதுவும் பேசாது.

'ஜாங்கோ-ஆலாத்' செயலியின் பாதை கவனிக்கத்தக்கது. ரேமண்ட் பென்னர்ஸ் தொடங்கிய இச்செயலி, புகுபதிகை முதல் சமூக வலைக் கணக்குகளை இணைப்பது வரை பல பக்கங்களைக் கொண்டது. தொடக்கம் முதலே எளிய முன்னிருப்பு வார்ப்புருக்களைத் தந்து வந்தது. அவற்றைத் தளத்தின் தோற்றத்துக்கு மாற்ற வேண்டுமானால் ஏராளமான கோப்புகளைத் தொட வேண்டியிருந்தது. 2023இல் அவை மாற்றி அமைக்கப்பட்டன. பக்கங்களில் பொத்தான், படிவம், தலைப்பு போன்றவை நேரடி எச்டிஎம்எல்லாக இல்லாமல் 'எலிமெண்ட்' என்னும் குறிச்சொல்லால் அழைக்கப்படுகின்றன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சிறு வார்ப்புரு உண்டு. பொத்தானுக்கான கோப்பை மட்டும் மேலெழுதினால் எல்லாப் பக்கங்களிலும் பொத்தான் மாறும். ஒப்பந்தம் பக்கத்தில் தங்குகிறது, தோற்றம் உறுப்பில் தங்குகிறது. இந்த விவாதத்தில் இதுவரை வந்த தீர்வுகளில் இதுவே சிறந்தது என்று தோன்றுகிறது. இரண்டு மூன்று பக்கங்களே உள்ள சிறு செயலிக்கு இவ்வளவு ஏற்பாடு மிகை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'பினாக்ஸ்' திட்டத்தார் வேறு வழியை முயன்றார்கள்: செயலிகள் ஒருபுறம், அவற்றுக்கான வார்ப்புருக்கள் தனித் தொகுப்பாக மறுபுறம். தத்துவத்தில் சுத்தமான பிரிவினை. இரண்டு தொகுப்புகளின் பதிப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலை பயன்படுத்துபவர் தலையில் விழுகிறது.

மொழி

தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு கோணத்திலும் முக்கியமானது. ஜாங்கோ ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் உண்டு. செயலியின் வார்ப்புருவில் உள்ள சொற்றொடர்கள் மொழிபெயர்ப்புக் குறிச்சொற்களுக்குள் இருந்தால், வார்ப்புருவைத் தொடாமலேயே தமிழாக்கலாம். தளத்தின் சொந்த மொழிபெயர்ப்புக் கோப்புறை செயலியினுடையதைவிட முன்னுரிமை பெறுவதால், செயலி தமிழே தராவிட்டாலும் நாமே எழுதிச் சேர்க்க முடியும். சொற்றொடர்கள் ஆங்கிலத்தில் நேரடியாக எழுதப்பட்டிருந்தால் இந்த வழி அடைபடுகிறது. நான்கு சொற்களை மாற்றுவதற்காகக் கோப்பு முழுவதையும் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்தால் மேலே சொன்ன கதி.

குறிச்சொற்கள் இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. "நிச்சயமாக நீக்க விரும்புகிறீர்களா" என்பதை ஒரு துண்டாகவும், அதன் பின் பொருளின் பெயரையும், கடைசியில் கேள்விக்குறியையும் தனித்தனியாக எழுதும் பழக்கம் ஆங்கிலச் சொல்வரிசைக்கு மட்டுமே பொருந்தும். தமிழில் நீக்கப்படும் பொருள் முதலில் வர வேண்டும், அதற்கு வேற்றுமை உருபு சேர வேண்டும், வினை இறுதியில் நிற்க வேண்டும். துண்டுகளாகக் கிடைக்கும் வாக்கியத்தை எந்த மொழிபெயர்ப்பாளராலும் சீராக்க முடியாது. 'பிளாக் டிரான்ஸ்லேட்' குறிச்சொல்லுக்குள் முழு வாக்கியத்தையும் வைத்து, பெயரை அதனுள் மாறியாக இட்டால், "'%(பெயர்)' என்னும் பதிவை நீக்கலாமா?" என்று மொழிபெயர்ப்பாளர் தமக்கு வேண்டிய வரிசையில் எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் பராமரிப்பாளர் இதைக் கவனிக்க வாய்ப்பில்லை. தமிழ் நிரலர்கள் பயன்படுத்தும் செயலிகளில் இத்தகைய உடைந்த வாக்கியங்களைக் கண்டால், மூலத் திட்டத்துக்கே திருத்தம் அனுப்பலாம். வார்ப்புருவில் இரண்டு வரி மாற்றம்தான். அதே சொல்வரிசைச் சிக்கல் உள்ள தெலுங்கு, சப்பானியம், துருக்கியம் ஆகிய மொழிகளின் தளங்களுக்கும் அதே திருத்தம் போய்ச் சேரும்.